மருந்து தொடங்கி எட்டு மாதம், ஸ்கேனில் 'மூளை சுருக்கம்': நிறுத்திவிடலாமா?

கேள்வி: பாலக்கோடு வாசகர், 11 மே 2024, மாலை 6:15

அக்காவுக்கு 31 வயது. எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ், மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கிற நரம்பு நோய்) என்று போன ஆகஸ்டில் சொன்னார்கள். செப்டம்பரில் மருந்து தொடங்கினோம், மாதம் ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றுகிற நேட்டலிசுமாப். நேற்று இரண்டாவது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்தது. புதிய புண் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் 'மூளையில் லேசான சுருக்கம், முந்தைய ஸ்கேனைவிடக் கூடுதல்' என்று போட்டிருக்கிறார்கள். மருந்துக்கு முன்னால் சுருக்கம் இல்லை, மருந்துக்குப் பின்னால் இருக்கிறது. அப்படியென்றால் மருந்துதானே மூளையைச் சுருக்குகிறது? வீட்டில் எல்லோரும் நிறுத்தச் சொல்கிறார்கள். அடுத்த டோஸ் 28-ஆம் தேதி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 11 மே 2024, இரவு 11:20

தம்பி, நிறுத்தாதீர்கள். அக்காவைப் பார்க்கிற நரம்பியல் டாக்டரிடம் இரண்டு ஸ்கேனின் சி.டி.யையும் கொண்டுபோய்க் காட்டாமல் ஒரு டோஸைக்கூட விடாதீர்கள். இந்த மருந்தைத் திடீரென்று விட்டால், சில மாதங்களில் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பி அடிக்கிற ஆபத்து உண்டு. காரணமெல்லாம் நாளைக்கு எழுதுகிறேன். வெளியே மாங்காய் லாரி வரிசையில் நிற்கிறது.

12 மே 2024, காலை 5:50

நான் டாக்டர் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கத்தில் எடைமேடை வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு 2015-இல் இடது கண்ணில் ஆரம்பித்தது. கண்ணை அசைத்தால் வலி, அப்புறம் சாமி படத்துக் குங்குமம் செங்கல்பொடி மாதிரி வெளுத்துத் தெரிகிறது என்றாள். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் வெளுப்பு, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் சிவப்பு. 2017-இல் வலது கால் மரத்தது. பெங்களூரு போய், முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்த்து, எம்.எஸ். என்று உறுதி செய்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் நான்தான் வாசிக்கிறேன்.

நீங்கள் கேட்ட அதே கேள்வியை 2019-இல் நான் கேட்டேன், தம்பி. ஆனால் தெரிந்தவர்களிடம் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது இன்டர்ஃபெரான் ஊசி போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது ஸ்கேனில் 'பெருமூளைச் சுருக்கம்' என்று வந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் ரிப்போர்ட்டைக் கொடுத்தவர், "இந்த ஊசியெல்லாம் ரொம்ப நாள் போட்டா இப்படித்தான் ஆகும்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவர் டாக்டர்கூட இல்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பி மூன்று மாதம் ஊசியை நிறுத்தி வைத்தோம். ஐப்பசியில் இரண்டு காலும் இடுப்புக்குக் கீழே விழுந்தது. ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப்ஸ், நாள் ஒன்றுக்கு ஒரு கிராம். வலது கால் பழையபடி வரவே இல்லை. இன்றைக்கும் படியேறும்போது அந்தக் காலை இழுத்துத்தான் வைக்கிறாள்.

அதற்கப்புறம்தான், இரண்டு ஸ்கேனையும் அருகருகே போட்டுப் பார்த்த டாக்டர் சொன்னார்: முதல் ஸ்கேன் ஒரு மெஷின், இரண்டாவது வேறு மெஷின். மூளையைத் துண்டு துண்டாகப் படமெடுக்கிறார்களே, அந்தத் துண்டின் தடிமனே வேறு. "இதை வைத்துச் சுருக்கம் கூடியது என்று நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

இருபது வருடமாக லாரி நிறுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே லாரியை இரண்டு மேடையில் போட்டால் இரண்டு எடை வரும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? மூளை என்றதும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த வேதனை இன்னும் போகவில்லை, அதனால்தான் விடிவதற்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

12 மே 2024, இரவு 10:05

இப்போது உங்கள் கேள்வி. மருந்துக்குப் பிறகு மூளை அளவு குறைந்து தெரிவது உண்மையிலேயே நடக்கிறது. டாக்டர்கள் இதற்குப் 'பொய்ச் சுருக்கம்' என்கிற அர்த்தத்தில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

எம்.எஸ்.ஸில் நம் உடம்பின் எதிர்ப்புச் செல்களே நரம்பின் மேலுள்ள மயலின் உறையைத் தாக்குகின்றன. தாக்குகிற இடம் வீங்கும், நீர் கோத்துக்கொள்ளும். மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்த ஸ்கேனில் மூளை அந்த வீக்கத்தோடு சேர்ந்த அளவில் இருக்கும். மருந்து வேலை செய்யும்போது வீக்கம் வடியும், அளவு குறையும். கால் சுளுக்கி வீங்கியபோது ஒரு அளவெடுத்து, வீக்கம் வடிந்தபின் இன்னொரு அளவெடுத்து, கால் தேய்ந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மழையில் நனைந்த தார்ப்பாயோடு வந்த லாரி மறுநாள் காய்ந்த தார்ப்பாயோடு வந்தால் எடை குறையும். மாங்காய் ஒன்றுகூடக் கீழே விழுந்திருக்காது.

வீக்கத்தை வேகமாக அடக்குகிற மருந்துகளில் இது அதிகம் தெரியும். உங்கள் அக்காவுக்குப் போகிற நேட்டலிசுமாப் அதில் முக்கியமானது. அதிக அளவு ஸ்டீராய்டு ஏற்றினாலும் நடக்கும். முதல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள்தான் இது பெரும்பாலும். அதனால்தான் விவரம் தெரிந்த டாக்டர்கள் மருந்து தொடங்கி ஆறு மாதம் கழித்துப் புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்து, அதையே சைபராக வைத்து அங்கிருந்து கணக்குப் பார்க்கிறார்கள்.

அளவும் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே வருடத்துக்கு 0.1 முதல் 0.3 சதவீதம் வரை மூளை குறைகிறது, வயதாக ஆகக் கொஞ்சம் கூடும். மருந்தில்லாத எம்.எஸ்.ஸில் 0.5 முதல் 1.3 சதவீதம் வரை. பெரியவர்கள் மூளை ஏறத்தாழ 1,250 மில்லி என்று வைத்தால், அரை சதவீதம் என்பது 60 மில்லி, அரை டம்ளர்.

13 மே 2024, காலை 7:10

மேலே எழுதியது தப்பு. ஒசூரிலிருந்து ஒரு சகோதரி எடுத்துச் சொல்லியிருக்கிறார், நன்றி அம்மா. 1,250-இல் அரை சதவீதம் 6 மில்லிதான், 60 இல்லை. டீஸ்பூன் ஒன்றேகால். ஆரோக்கியமானவர்களின் 0.2 சதவீதம் என்பது அரை டீஸ்பூன். பழையதை அழிக்கவில்லை, அந்தத் தப்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது: நாம் பயப்படுகிற அளவு கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதே இல்லை. பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஒன்றேகால் டீஸ்பூன் வித்தியாசத்தை யாராலும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் இரண்டு ஸ்கேனையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஓரம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்கிற மென்பொருள் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கிய 'சியனா' அப்படி ஒன்று. அதற்கே 0.15, 0.2 சதவீதம் வரை பிழை உண்டு. ஒரு வருடத்து இயல்பான தேய்மானமும் கருவியின் பிழையும் ஒரே அளவு! பத்துப் பத்துக் கிலோவாகக் காட்டுகிற என் மேடையில் ஒரு கிலோ புளியை நிறுக்கச் சொன்னால் எப்படியோ, ஒரே வருட வித்தியாசத்தை வைத்து ஒரு ஆளுக்குத் தீர்ப்புச் சொல்வதும் அப்படித்தான்.

14 மே 2024, இரவு 9:30

"மெஷின் ஒன்றேதான், அப்பவுமா மாறும்?" என்று பாலக்கோடு தம்பி கேட்டிருக்கிறார். மாறும்.

20 டன் லோடு. டிரைவரும் கிளீனரும் வண்டியில் உட்கார்ந்திருந்தால் 140 கிலோ. டீசல் டேங்க் 200 லிட்டர் நிறைந்திருந்தால் 160 கிலோவுக்கு மேல். மழைக்காலத்தில் மேடைக்கு அடியில் சேறு சேர்ந்தால் சைபரே நகர்ந்துவிடும். லாரி ஏறுவதற்கு முன் நான் தினமும் சைபர் பார்க்கிறேன். வருடாவருடம் முத்திரையும் வைக்கிறார்கள். இத்தனை இருந்தும் சீட்டைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. கூழ் ஃபேக்டரி வாசலில் இரண்டு நாள் நின்ற பெங்களூரா மாங்காய் லோடு வெயிலில் வற்றி எடை குறைந்திருக்கும். விவசாயி என்னைத் திட்டுவார். அவர் கோபம் நியாயம், ஆனால் குறைந்தது நீர்.

மூளையும் நீர்தான். 2005-இல் வந்த ஒரு ஆய்வில், 16 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்களின் மூளை அளவு அரை சதவீதத்துக்கும் சற்று மேல் குறைந்தது. தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்தது. ஒரு நாளில் நடந்த மாற்றம், எம்.எஸ்.ஸில் ஒரு வருடத்தில் நடப்பதற்குச் சமம். காலையில் எடுக்கிற ஸ்கேனைவிடச் சாயங்காலம் எடுப்பதில் மூளை கொஞ்சம் சின்னதாக வருவதையும் பார்த்திருக்கிறார்கள்.

2019-இல் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஊசி மருந்து போட்டு எடுக்கணும், வெறும் வயிற்றில் வாருங்கள் என்று சொன்னார்கள். சித்திரை வெயில். ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறினோம். வழியில் சிறுநீர் வந்தால் இறங்க இடமில்லை என்று அவள் காலையிலிருந்து தண்ணீரையும் குடிக்கவில்லை. இந்த நோயில் அடக்க முடியாது, அதனால் பெண்கள் வெளியே கிளம்பினால் தண்ணீரையே விட்டுவிடுகிறார்கள். ஸ்கேன் முடியும்போது மாலை ஐந்து. வேறு மெஷின், வறண்ட உடம்பு, சாயங்கால நேரம். மூன்றும் ஒரே நாளில். பின்னவை இரண்டும் அளவைக் குறைத்துக் காட்டுகிறவை, மெஷின் எந்தப் பக்கமும் இழுக்கும்.

இதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். "தண்ணி குடிச்சா மூளை வளரும்னு தெரிஞ்சிருந்தா எங்கம்மா பத்தாவது பரீட்சைக்கு ஒரு குடம் குடிக்க வெச்சிருப்பாங்களே" என்கிறாள்.

19 மே 2024, மதியம் 2:40

நான்கு நாளாக ஒரு உறுத்தல். மேலே எழுதியதைப் படித்தால் 'சுருக்கம் எல்லாம் பொய், கவலை வேண்டாம்' என்று நான் சொன்ன மாதிரி இருக்கிறது. அப்படி யாராவது எடுத்துக்கொண்டால் அதுவும் ஆபத்து.

எம்.எஸ்.ஸில் மூளை உண்மையாகவே குறைகிறது. ஆரம்பத்திலேயே குறைகிறது. உறை மட்டும் போய் நரம்பு அப்படியே இருக்கும் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1998-இல் கிளீவ்லேண்டில் டிராப் என்பவரும் உடனிருந்தவர்களும், இறந்தவர்களின் மூளையில் புண் இருந்த இடத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நரம்பு இழையே அறுந்து கிடப்பதைக் காட்டினார்கள். அறுந்த இழை திரும்ப வராது. அதுதான் உண்மையான சுருக்கம்.

எங்கே அதிகம் குறைகிறது? மூளையின் நடுவில் தாலமஸ் என்று ஒரு பகுதி. என் ஊரை வைத்தே சொல்கிறேன். கிருஷ்ணகிரிக்குப் பெங்களூரு ரோடு, சேலம் ரோடு, சென்னை ரோடு, திருவண்ணாமலை ரோடு எல்லாம் வந்து சேர்கின்றன. எங்கோ வாணியம்பாடியில் பாலம் உடைந்தாலும், ஒசூரில் ரோடு அடைந்தாலும் இங்கே வண்டி குறையும், டீக்கடை காலியாகும். தாலமஸும் அப்படி ஒரு கூட்டுரோடு. மூளையில் எங்கே இழை அறுந்தாலும் அதன் இன்னொரு முனை அங்கே போய்ச் சேருவதால், அந்தப் பாதிப்பும் அங்கே வந்து சேர்கிறது. 2018-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, இந்த உள்பகுதிச் சாம்பல் நிறத் திசு குறைகிற வேகம்தான் பிற்பாடு வருகிற ஊனத்தோடு அதிகம் ஒட்டிப்போகிறது என்று காட்டியது.

இதை நான் ஸ்கேனில் பார்ப்பதற்கு முன்னால் எடைச்சீட்டில் பார்த்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து மேடைக் கணக்கு அவள்தான். ஒரு பக்கத்தில் முப்பது சீட்டு. விரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வருவாள், அடியில் வரும்போது மொத்தம் சொல்லிவிடுவாள். கால்குலேட்டரை நான் தட்டி முடிப்பதற்குள். 2018 கடைசியில் அந்த விரல் பத்தாவது வரியில் நிற்க ஆரம்பித்தது. திரும்ப மேலே போகும். அப்புறம் பென்சிலால் ஐந்து வரிக்கு ஒரு புள்ளி வைக்கத் தொடங்கினாள். கேட்டால் "கண்ணு கூசுது" என்பாள். தப்புப் போடவில்லை, தாமதமானது. ஒரு நாள் ராத்திரி எழுந்து பார்த்தால், விளக்கைப் போட்டுக்கொண்டு பழைய வருடத்து நோட்டில் கூட்டிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் ஒரு தாள் கொடுத்துச் சோதித்தார். மேலே ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கீழே குறிகள் வரிசையாக இருக்கும், 90 வினாடியில் எத்தனைக்குச் சரியான எண் சொல்ல முடிகிறது என்று எண்ணுவார்கள். முதல் தடவை 41. 2019 தாக்குதலுக்குப் பிறகு 36. நான்கு புள்ளி மாறினாலே கவனிக்க வேண்டிய மாற்றம் என்றார். எந்த மெஷினும் வேண்டாம், ஒரு தாளும் கடிகாரமும் போதும். ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியை ஐம்பது தடவை படிக்கிற நாம் இதைக் கேட்டு வாங்குவதில்லை.

அப்போ என் நிலைப்பாடு என்ன? சுருக்கம் நிஜம், அதைத் தடுக்கத்தான் மருந்து. ஆனால் பொருந்தாத இரண்டு ஸ்கேனிலிருந்து வந்த ஒரு வரி அதற்குச் சாட்சி ஆகாது. சாட்சி இல்லாமல் மருந்தை நிறுத்தினால், பொய்ச் சுருக்கத்துக்குப் பயந்து நிஜச் சுருக்கத்தை வரவழைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

20 மே 2024, காலை 6:30

ராயக்கோட்டை அம்மா, மகளுக்கும் மூளை சுருங்குமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகளுக்கு இருப்பது எம்.எஸ். இல்லை, என்.எம்.ஓ. (நியூரோமைலிடிஸ் ஆப்டிகா, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குகிற நோய்). இரண்டும் உறை போகிற நோய் என்றாலும் வேறு வேறு. அதில் மூளை சுருங்காது, கவலை வேண்டாம்.

23 மே 2024, இரவு 10:15

மேலே அந்த அம்மாவுக்குச் சொன்னது பாதி சரி. அவசரத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

என்.எம்.ஓ.வை 1894-இல் பிரான்சில் டெவிக் விவரித்தார். நூறு வருடத்துக்கு மேல் அது எம்.எஸ்.ஸின் ஒரு வகை என்றே பலர் நினைத்தார்கள். 2004-இல் மேயோ கிளினிக்கில் லெனன் குழுவினர் அதற்கென்று தனி எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மறுவருடமே அது குறிவைப்பது அக்வாபோரின்-4 என்று தெரிந்தது. அக்வாபோரின் என்பது செல்லுக்குள் தண்ணீர் போய்வருகிற வாசல். இந்த வாசல்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரே 2003-இல் நோபல் வாங்கினார். ஆக, என்.எம்.ஓ.வில் முதல் அடி மயலினுக்கு இல்லை, நரம்பைத் தாங்குகிற நட்சத்திரச் செல்லுக்கு. மயலின் பிறகு போகிறது.

சுருக்கமும் இடம் மாறுகிறது. மொத்த மூளை எம்.எஸ். அளவுக்குக் குறைவதில்லை. ஆனால் கண் நரம்பும் முதுகுத்தண்டு வடமும் மெலியும். தண்டுவடத்தில் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கோ அதற்கு மேலோ ஒரே புண்ணாக ஓடுவது அதன் அடையாளம், அங்கே வடம் பின்னாளில் மெலிந்து தெரியும். கண்ணிலிருந்து வருகிற பாதையில் மூளைக்குள்ளும் கொஞ்சம் குறையலாம். அதனால் 'சுருங்காது' என்பது தப்பு. இன்னொன்று: என்.எம்.ஓ.வில் தாக்குதல்களுக்கு நடுவில் சத்தமில்லாமல் தேய்வது அரிது, ஒவ்வொரு தாக்குதலும்தான் வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு தாக்குதலைத் தடுத்தால் அத்தனையும் மிச்சம்.

ராயக்கோட்டை அம்மா, நீங்கள் எழுதியதில் எனக்குப் பதற்றம் தந்தது வேறு. யாரோ சொல்லி மகளுக்கு இன்டர்ஃபெரான் ஊசிக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எம்.எஸ்.ஸுக்கு நல்லது செய்கிற இன்டர்ஃபெரான், நேட்டலிசுமாப், ஃபிங்கோலிமாட் மூன்றும் என்.எம்.ஓ.வில் தாக்குதலைக் கூட்டிவிடக்கூடும். அக்வாபோரின் சோதனை ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் இதை நேராகக் கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.

மாக் (எம்.ஓ.ஜி., மயலின் உறையின் மேலுள்ள ஒரு புரதத்தை எதிர்ப்பொருள் தாக்குவது) என்கிற மூன்றாவது நோயைப் பற்றி ஊத்தங்கரையிலிருந்து ஒரு அப்பா கேட்டிருந்தார், பையனுக்கு ஏழு வயது. மாக் நோயில் ஸ்கேனில் தெரிந்த பெரிய புண்கள் பிற்பாடு தேடினாலும் கிடைக்காத அளவு மறைவது உண்டு. அது நல்ல செய்தி. குழந்தைகளில் மட்டும் ஒன்று: அவர்கள் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் அங்கே 'சுருக்கம்' என்பது குறைவதாகத் தெரியாமல், வயதுக்கேற்ற வளர்ச்சி பின்தங்குவதாகத் தெரியலாம். பையன் படிப்பில் எப்படி என்று டீச்சரிடம் அடிக்கடி கேட்டுக்கொள்ளுங்கள் சார்.

29 மே 2024, காலை 8:00

பாலக்கோடு தம்பி நேற்று டோஸ் ஏற்றியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். டாக்டர் இரண்டு சி.டி.யையும் போட்டுப் பார்த்து, வீக்கம் வடிந்ததுதான் என்று விளக்கினாராம். ரொம்ப சந்தோஷம், தம்பி. அக்காவுக்கு ஜே.சி. வைரஸ் ரத்தச் சோதனை குறிப்பிட்ட இடைவெளியில் எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மருந்தில் உண்மையாகக் கண்காணிக்க வேண்டியது அந்த வைரஸ் மூளையில் கொண்டுவருகிற தொற்றைத்தான்.

2 ஜூன் 2024, மாலை 7:45

பென்னாகரத்திலிருந்து ஒருவர், நம் மாவட்டத்துத் தண்ணீரில் உள்ள புளோரைடுதான் இதற்கெல்லாம் காரணமோ என்று கேட்கிறார். தர்மபுரிக்காரர்கள் எல்லோருக்கும் இந்த எண்ணம் ஒருமுறையாவது வரும். புளோரைடு பல்லைக் கறையாக்கும், எலும்பை விறைக்க வைக்கும். மயலினைத் தாக்குவது நம் எதிர்ப்புச் செல்கள், அது வேறு கதை.

ஆனால் இந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிடக் கூடாது. என் பெரியப்பா அந்தப் பக்கம்தான், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருவதற்கு முன் முப்பது நாற்பது வருடம் போர்த் தண்ணீர் குடித்தவர். கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். கடைசியில் இரண்டு காலும் விறைத்து நடை போய்விட்டது. என் மனைவிக்கு வந்தது இவருக்கும் வந்துவிட்டதோ என்று பயந்து போனோம். முதுகெலும்பை ஸ்கேன் எடுத்தால், தசைநார் எல்லாம் எலும்பாக மாறித் தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. புளோரோசிஸ். கால் விழுவது ஒன்றுபோல இருக்கும், காரணம் முழுக்க வேறு, வைத்தியமும் வேறு. நம் பகுதியில் வயதானவர்களுக்குக் கால் விறைத்தால் முதுகெலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைவையும் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் தண்டுவடத்தைப் பாதிக்கும்.

வெயில் பற்றியும் கேட்டிருந்தார். வெயிலில், சுடுதண்ணீர்க் குளியலில், காய்ச்சலில் கண் மங்கும், கால் தளரும். உடல் உழைப்பில் கண் மங்குவதை 1890-இலேயே ஊட்ஹாஃப் என்ற கண் டாக்டர் எழுதி வைத்தார், அவர் பெயரில்தான் இதைச் சொல்கிறார்கள். உடம்பு குளிர்ந்ததும் சரியாகும், புதிய தாக்குதல் இல்லை. என் மனைவி அக்னி நட்சத்திரத்தில் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் கணக்கு எழுதுகிறாள்.

21 ஜூலை 2024, இரவு 9:10

மாங்காய் சீசன் முடிந்தது, இனி நிதானமாக எழுதலாம்.

ஸ்கேனுக்குப் போகும்போது என்ன செய்வது என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறேன். போன தடவை எடுத்த இடத்திலேயே எடுக்கிறோம், காலை முதல் ஆளாக. முந்தைய நாள் வழக்கம்போல் சாப்பாடு, தண்ணீர். வெறும் வயிறு வேண்டும் என்றால் எத்தனை மணி நேரம், தண்ணீர் குடிக்கலாமா என்று முன்கூட்டியே போனில் கேட்கிறோம். முந்தின ராத்திரியே போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிடுகிறோம். பிலிம் எனக்கு முக்கியமில்லை, சி.டி. முக்கியம். பிலிமை வைத்து யாராலும் அளக்க முடியாது. பழைய சி.டி.யைக் கையில் கொடுத்து, இதோடு ஒப்பிட்டு எழுதுங்கள் என்று ரேடியாலஜி டாக்டரிடமே சொல்கிறோம். ஸ்டீராய்டு டிரிப்ஸ் முடிந்து ஓரிரு வாரத்தில் என்றால் அதையும் விண்ணப்பத்தில் எழுதச் சொல்கிறோம்.

இணையத்தில் 0.4 சதவீதம் என்று ஒரு எல்லைக்கோடு பார்த்துவிட்டு இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். வருடத்துக்கு அதற்கு மேல் குறைந்தால் நோயின் வேலையாக இருக்கலாம் என்று 2016-இல் ஒரு ஆய்வு சொன்னது. பல வருடம் சேர்ந்த கூட்டத்தின் கணக்கு அது. உங்களுக்கு எம்.எஸ். இருக்கிறதா இல்லையா என்று முடிவுசெய்கிற விதிகளில் மூளை அளவு என்ற வரியே கிடையாது.

அப்புறம் புகை. எடைமேடைக்கு வருகிற தம்பிகளுக்கும் சொல்வேன். பீடி, சிகரெட், கட்டுப்படாத சர்க்கரை, ரத்த அழுத்தம், குடி எல்லாம் தனியாகவே மூளையைக் குறைக்கிறவை. இந்த நோயோடு சேர்ந்தால் இரட்டிப்புச் சுமை. பாலக்கோடு தம்பி, அக்கா முன்னால் உட்கார்ந்து நீங்கள் புகைப்பதாக எழுதியிருந்தீர்கள். வெளியே போய்ப் பிடியுங்கள் என்று சொல்ல மாட்டேன், விட்டுவிடுங்கள்.

17 நவம்பர் 2024, மாலை 5:20

பாலக்கோடு அக்காவின் மூன்றாவது ஸ்கேன் வந்துவிட்டது. அதே மெஷின், காலை நேரம். மே மாதத்தோடு ஒப்பிட்டு 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை'. தம்பி ஒரு வரிதான் எழுதியிருக்கிறார், நான் அதை மூன்று தடவை படித்தேன். மே மாதத்தையே இனி சைபராக வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

ராயக்கோட்டை அம்மாவின் மகள் இன்டர்ஃபெரான் தொடங்கவில்லை, வேறு மருந்துக்கு மாற்றிவிட்டார்களாம். அம்மா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். பெயர் போட்டே இருக்கிறது. உங்கள் மகளின் நோய்ப் பெயர் அதில் தனியாக இல்லாவிட்டாலும், நாள்பட்ட நரம்பியல் நோய் என்ற தலைப்பு இருக்கிறது, பார்வைக் குறைவு, நடைக் குறைவு என்ற தலைப்புகளும் இருக்கின்றன. விண்ணப்பம் போட்டுவிடுங்கள். கண் டாக்டரின் சீட்டைச் சேர்த்து வையுங்கள்.

எங்கள் வீட்டில்: ஊசியை விட்டு ரிட்டுக்ஸிமாபுக்கு மாறி நான்கு வருடம். புதிய புண் இல்லை. போன மாதம் அந்த 90 வினாடித் தாள் சோதனையில் 42. ஐந்து வரிக்கு ஒரு பென்சில் புள்ளி இன்னும் வைக்கிறாள், ஆனால் விரல் திரும்ப மேலே போவதில்லை. நேற்று சாயங்காலம் புளி லோடு பதினெட்டு சீட்டு, ஒரே மூச்சில் கூட்டினாள். நான் கால்குலேட்டரை எடுக்கவில்லை.

அடுத்த ஸ்கேன் மார்ச்சில், காலை ஏழு மணிக்கு, அதே இடம். இதுவரை எடுத்த ஆறு சி.டி.யும் முத்திரைச் சான்றிதழோடு ஒரே இரும்புப் பெட்டியில் இருக்கிறது.